கப்பல் உணவகத்தில் வேட்டிக்கும் புடவைக்கும் இடம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொகுசுக் கப்பல் பயணம் பற்றி உங்கள் பயண இணைப்பில் வந்த கட்டுரையில் "இரவு உணவுக்குக் கோட்டும் டையும் கட்டாயம்" என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பி ஒரு வீட்டில் மூன்று ஆண்கள் கோட்டு தைக்கக் கிளம்பினால் வீண்செலவு எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கப்பல் உணவகங்களில் பரிமாறிய நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். அந்த வரி ஒரு சில கப்பல்களுக்கு, அதுவும் ஒன்றிரண்டு இரவுகளுக்கு மட்டும்தான் பொருந்தும். அங்கேகூட கோட்டுக்குப் பதிலாக நம் ஊர் உடைக்கு வழி இருக்கிறது.

முதலில், கப்பலில் சாப்பிடும் இடம் ஒன்று அல்ல. மேல்தளத்தில் பஃபே இருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு நாமே போட்டுக்கொள்ளலாம். கீழ்த்தளங்களில் பெரிய உணவகம் இருக்கும். மேசை விரிப்பு, மெனு அட்டை, பரிமாற ஆட்கள் என்று அமைந்த இடம். இரண்டுக்கும் பணம் டிக்கெட்டிலேயே அடங்கியிருக்கிறது. இவை போகத் தனிக் கட்டணம் வாங்கும் சிறப்பு உணவகங்களும் உண்டு. உடை விதி என்று எதைச் சொல்கிறார்களோ அது பெரிய உணவகத்துக்கும் சிறப்பு உணவகங்களுக்கும்தான். பஃபேயில் நீச்சலுடைக்கு மேல் ஏதாவது போட்டுக்கொண்டு, காலில் செருப்போடு போனால் போதும். ஆகவே கோட்டு இல்லாததால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் பெரிய உணவகத்தின் சமையலும் பரிமாறலும் பஃபேயைவிட ஒரு படி மேல். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம். உடைக்குப் பயந்து எல்லா இரவும் பஃபேயிலேயே சாப்பிட்டுவிட்டு இறங்குகிற குடும்பங்களை நினைத்தால்தான் எங்களுக்கு வருத்தம்.

பெரிய உணவகத்திலும் காலைக்கும் மதியத்துக்கும் கெடுபிடி இல்லை. அரைக்கால் சட்டை, டி-ஷர்ட் பரவாயில்லை. மாலையில்தான் விதி மாறும். பெரும்பாலான இரவுகள் 'ஸ்மார்ட் கேஷுவல்' வகை. ஆண்களுக்கு முழுக்கால் பேன்ட்டும் காலர் வைத்த சட்டையும். பெண்களுக்குப் புடவையோ சல்வாரோ, ஒரு கல்யாண வரவேற்புக்குப் போட்டுப் போகக்கூடிய எதுவானாலும் சரி. கிழிசல் இல்லாத அடர்நிற ஜீன்ஸைப் பல கப்பல்களில் ஏற்கிறார்கள். ஒன்றிரண்டு இரவுகள் மட்டும் 'ஃபார்மல் நைட்' என்றோ 'காலா நைட்' என்றோ அறிவிக்கப்படும். உங்கள் கட்டுரை சொன்னது இந்த இரவுகளைத்தான்.

எத்தனை இரவுகள் என்பது நிறுவனத்தையும் பயண நாட்களையும் பொறுத்தது. பிரின்சஸ் நிறுவனத்தின் கப்பல்களில் 5, 6 நாள் பயணத்துக்கு 1 ஃபார்மல் இரவு, 7 முதல் 13 நாள் வரை 2, 14 முதல் 20 நாள் வரை 3 என்பது வழக்கம். அதற்கும் குறைவான நாட்களுக்குக் கிடையாது. கார்னிவலில் இதற்கு 'எலிகன்ட்' இரவு என்று பெயர். 5 நாள் வரை 1, அதற்கு மேல் 2. நார்வீஜியன் நிறுவனம் ஃபார்மல் உடை கட்டாயம் என்பதையே எடுத்துவிட்டது. வைக்கிங்கின் கடல் கப்பல்களிலும் ஃபார்மல் இரவு இல்லை. சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியன் கப்பலில் பினாங்கு, புக்கெட் பக்கம் 3, 4 இரவுகள் போய் வருகிறவர்கள் பெரும்பாலும் ஓர் இரவுக்கு மட்டும் நல்ல உடை எடுத்துப்போனால் போதும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசப் பயணங்களைத் தொடங்கி, 2023 ஜூனில் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போன, இந்திய நிறுவனமான கார்டீலியாவின் எம்ப்ரஸ் போன்ற கப்பலுக்குக் கோட்டு தைப்பது தேவையே இல்லாத வேலை.

அந்த ஓர் இரவு எப்போது வரும்? கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் நாள் முழுக்கக் கடலில் போகிற நாளில்தான் பெரும்பாலும் வைப்பார்கள். துறைமுக நாளில் ஜனங்கள் வெயிலில் சுற்றிவிட்டு 5 மணிக்கு வந்து ஏறுவார்கள். முதல் பந்திக்கு மணி அடிக்கிற நேரத்தில் குளித்து உடுத்த அவகாசம் இருக்காது. கடல் நாளில் மதியமே தயாராக ஆரம்பிக்கலாம். அன்றன்றைய உடை என்ன என்பதைத் தினசரி நிகழ்ச்சித் தாளிலோ கப்பலின் செயலியிலோ போட்டுவிடுவார்கள். தாள் தருகிற கப்பல்களில் அது முந்தின நாள் மாலையே அறைக்கு வந்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.

இதில் பிரிட்டிஷ் நிறுவனமான குனார்ட் தனி ரகம். அதன் குயின் மேரி 2 கப்பல் சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 7 இரவுகளில் அட்லாண்டிக்கைக் கடக்கிறது. அதில் வழக்கமாக 2 காலா இரவுகள். ஆண்கள் கறுப்பு டின்னர் ஜாக்கெட்டும் வில் டையும், அல்லது அடர்நிறக் கோட்டு-சூட்டும் டையும் அணிய வேண்டும். மற்ற நிறுவனங்கள் பெரும்பாலானவற்றில் உடை விதி உணவக வாசலோடு முடிந்துவிடும்; குனார்டில் மாலை 6 மணிக்கு மேல் கப்பலின் பெரும்பகுதிக்கும் அது பொருந்தும். உடுத்த விருப்பமில்லாதவர்களுக்கு பஃபே, பப் போன்ற சில இடங்களை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே விதியில், அவரவர் நாட்டின் சம்பிரதாய உடையும் ஏற்கப்படும் என்று எழுத்திலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் என்ற கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு வருவது அந்த அடிப்படையில்தான். நம் பட்டு வேட்டிக்கும் அதே உரிமை உண்டு.

வேட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தடுமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். ஃபார்மல் இரவுக்கு அகலக் கரை போட்ட பட்டு வேட்டி, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த முழுக்கைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம் மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். அரைக்கைச் சட்டையோடு வந்தால் அது அன்றாட உடை மாதிரி தெரியும். இன்னும் மிடுக்காக வேண்டுமென்றால் வேட்டிக்கு மேல் கழுத்து மூடிய கோட்டு போட்டுக்கொள்ளலாம். அந்தக் காலத்து வக்கீல்களும் தலைமையாசிரியர்களும் அப்படித்தான் உடுத்தினார்கள். டை தேவைப்படாத கோட்டு அது. வாசலில் நிற்பவர் தயங்கினால் "ஃபார்மல் நேஷனல் டிரஸ்" என்ற மூன்று சொற்கள் போதும். குனார்டின் விதியில் உள்ள சொற்களே அவை என்பதால் அங்கே உடனே புரிந்துவிடும். சந்தேகம் உள்ளவர்கள் முன்பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம்.

கப்பல் ஆடும் என்பதை வேட்டி கட்டும்போது மறக்கக் கூடாது. இடுப்பில் செருகி நிறுத்தும் கட்டு தரையில் நிற்கும், படியில் ஏறி இறங்கும்போது தளரும். ஒட்டிக்கோ வேட்டியோ, சாதா வேட்டிக்கு மேல் ஒரு பெல்ட்டோ நல்லது. அறைச் சாவியாகவும் கணக்கு அட்டையாகவும் பயன்படும் கப்பல் அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டியிருப்பதால், பை வைத்த ஒட்டிக்கோ வேட்டி இன்னும் வசதி. உணவகத்துக்குள் வேட்டியை மடித்துக் கட்டாதீர்கள். முழங்கால் தெரிந்தால் அவர்கள் கண்ணுக்கு அது அரைக்கால் சட்டைதான். கைலி எந்த இரவுக்கும் ஆகாது.

வாசலில் திருப்பி அனுப்பப்படுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது கோட்டு இல்லாதது அல்ல. காலில் கிடக்கும் ரப்பர் செருப்புதான். சட்டை, வேட்டி எல்லாம் சரியாக இருந்து, கீழே ஹவாய் செருப்பு என்றால் அங்கேயே தடுப்பார்கள். பேன்ட்டுக்குத் தோல் ஷூ, வேட்டிக்கு நல்ல தோல் செருப்பு என்று பெட்டியிலேயே தனியாக வைத்துவிடுங்கள். அடுத்த காரணம் ஆண்களின் முக்கால் பேன்ட். முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டதே என்று நாம் நினைப்போம். விதியில் அதுவும் அரைக்கால் சட்டைக் கணக்கில்தான் சேர்கிறது. கை இல்லாத பனியன், விளையாட்டு ஜெர்ஸி, தொப்பி இவையும் கூடாது. தலைப்பாகைக்கும் ஹிஜாபுக்கும் எந்தத் தடையும் இல்லை. குர்தா போடுகிறவர்கள் தொளதொள வெள்ளைப் பைஜாமாவைத் தவிர்த்து, சுரிதார் மாதிரி ஒட்டிய கால்சட்டையோ சாதா பேன்ட்டோ போட்டால் நல்லது. அந்தப் பைஜாமா வெளிநாட்டார் கண்ணுக்கு இரவு உடையாகத்தான் தெரியும். அதே காரணத்தால் பெண்கள் காலை உணவுக்கு நைட்டியோடு வருவதும் சரிவராது. மேலே துப்பட்டா போட்டாலும் அது படுக்கை உடைதான்.

வாசலில் தடுப்பவர் சத்தம் போட மாட்டார். பக்கத்தில் வந்து மெல்லிய குரலில், மாற்றிக்கொண்டு வர முடியுமா என்று கேட்பார். போய் மாற்றிக்கொண்டு வந்தால் மேசை அப்படியே இருக்கும். இதை அவமானமாக எடுத்துக்கொண்டு வாக்குவாதம் செய்ய வேண்டாம். எல்லா நாட்டாரிடமும் அதே வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள். ஒருவரை மட்டும் விட்டால், பின்னால் கோட்டுப் போட்டு நிற்பவர் புகார் எழுதுவார். சில கப்பல்களில் ஃபார்மல் இரவிலும் சாதா பேன்ட்-சட்டையோடு உள்ளே விடுவதும் உண்டு. அப்படி விட்டார்கள் என்று ஒருவர் சொன்னதை நம்பி அடுத்தவர் பெட்டி கட்டக் கூடாது.

புடவையைத் திருப்பி அனுப்பிய வாசலை நாங்கள் அறியோம். எந்த நிறுவனமானாலும் பட்டுப் புடவை முதல் தர ஃபார்மல் உடை. சிரமமெல்லாம் அதைக் கட்டும் இடத்தில்தான். ஜன்னல் இல்லாத உள்ளறைகள் பல, கட்டிலையும் மேசையையும் கழித்தால் ஒரு ஆள் நின்று திரும்பும் அளவுதான். ஐந்தரை மீட்டர் புடவையை அங்கே விரித்துக் கொசுவம் வைப்பது, அதுவும் கணவரும் பிள்ளைகளும் அதே நேரத்தில் உடுத்தும்போது, பெரும்பாடு. ஊரிலேயே கொசுவமும் முந்தானை மடிப்பும் எடுத்து, பின் குத்தி, மடித்துக் கொண்டுவந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அன்று போடப்போகும் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டுதான் உயரம் பார்க்க வேண்டும். விளிம்பு தரையிலிருந்து ஒரு அங்குலமாவது மேலே நிற்கட்டும். கப்பல் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க உயர்ந்த நிலைப்படி வைத்திருப்பார்கள். புடவை தடுக்குவது முதலில் அங்கே, பிறகு படிக்கட்டில். குச்சிக் குதிகால் செருப்பு ஆடும் தரையில் காலை மடக்கிவிடும். அடி முழுக்கப் பட்டையாக உள்ளது பாதுகாப்பு.

முந்தானையைத் தோளில் ஒரு பின்னுக்கு இரண்டாகக் குத்துங்கள். கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் திறந்த தளத்தில் மணிக்கு 37 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடிக்கும். சாப்பாட்டுக்கு முன் படம் எடுக்க மேல்தளத்துக்குப் போவது எல்லோருக்கும் வழக்கம். ஒற்றைப் பின் அங்கே பட்டைக் கிழித்துவிடும். உள்ளே வந்தால் ஏசி குளிர், வயதானவர்களுக்கு மேலே ஒரு சால்வை வேண்டியிருக்கும். ஃபார்மல் இரவில் கப்பலின் புகைப்படக்காரர்களும் திரை கட்டி நிற்பார்கள். நிற்பதற்குக் காசு இல்லை. படத்தை வாங்கினால்தான் டாலரில் கணக்கு ஏறும். பூ வேண்டுமென்றால் சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் மல்லிகைச் சரம் கிடைக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து துறைமுகங்களில் மட்டும் பூவோடு இறங்கக் கூடாது. அங்கே செடி, பூ, பழத்துக்கான சோதனை மிகக் கடுமை.

இனி இஸ்திரி. ஊரிலிருந்து இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகாதீர்கள். தீ அபாயம் என்பதால் பயணிகள் இஸ்திரிப் பெட்டியையும் நீராவிக் கருவியையும் கொண்டுவர பெரும்பாலான கப்பல்களில் தடை உண்டு. ஏறும்போது பயணப் பெட்டியை ஊடுகதிரில் பார்த்து, இஸ்திரிப் பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டு, இறங்கும் நாளில் தருவார்கள். கட்டிலில் துண்டு விரித்து இஸ்திரி போடுவது கப்பலில் எவ்வளவு ஆபத்து என்பது கடலில் தீயணைப்புப் பயிற்சி எடுத்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஓடிப்போக வேறு இடம் கிடையாது. பிரின்சஸ், குனார்ட் கப்பல்களில் பயணிகளே பயன்படுத்தும் துவைப்பறை உண்டு. இஸ்திரிப் பெட்டியும் பலகையும் அங்கேயே இருக்கும். ஃபார்மல் இரவு மாலை 4 மணிக்கு மேல் அங்கே வரிசை நீளும் என்பதால் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ராயல் கரீபியனில் அந்த அறை இல்லை. அறைப் பணியாளரிடம் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்கி இஸ்திரி போட்டுத் தருவார்கள்; முந்தின நாளே கொடுக்க வேண்டும்.

செலவு வேண்டாம் என்பவர்கள் குளியலறையில் சட்டையை மாட்டி, கதவைச் சாத்தி, குளிக்கும்போது வரும் வெந்நீர் ஆவியில் விட்டால் பருத்தியில் பாதிச் சுருக்கம் போகும். ஜரிகைப் பட்டுக்கு இது ஆகாது, நீர்த்துளி பட்டால் கறை நிற்கும். பட்டை மெல்லிய பருத்தித் துணிக்குள் சுற்றி, பெட்டியின் மேல் அடுக்கில் வைத்து, அறைக்கு வந்ததும் முதல் வேலையாக மாட்டிவிடுங்கள். அலமாரியில் ஹேங்கர் பற்றாது. அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டிக்கொள்ளும். நான்கு கொக்கிகள் எடுத்துப்போனால் ஒரு குடும்பத்தின் மாலை உடை முழுவதும் தொங்கவிடலாம். எங்களைக் கேட்டால் பெட்டியில் வைக்க வேண்டிய மலிவான, உபயோகமான பொருள் இதுதான்.

பெட்டி வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு சேர்த்து அறை அறையாகக் கொண்டுவருவார்கள். அது இரவு 8 மணி வரைகூட இழுக்கும். முதல் பந்தியோ 5:30, 6 மணிக்கே. முதல் இரவுக்கான பேன்ட், சட்டை, ஷூ, சல்வார் எல்லாம் கையில் எடுத்துப்போகும் பையில் இருக்க வேண்டும். பழைய அட்லாண்டிக் கப்பல்களில் முதல் இரவும் கடைசி இரவும் யாரும் ஃபார்மலாக உடுத்தாமல் இருந்ததற்குக் காரணமே, பெட்டிகள் கையில் இல்லாததுதான். இன்றும் அந்த இரண்டு இரவுகளில் ஃபார்மல் வைப்பது அபூர்வம். கடைசி இரவில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கும். 10, 11 மணிக்குள் பெட்டியை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். எல்லாவற்றையும் அடுக்கி வெளியே வைத்துவிட்டு, மறுநாள் காலை போட்டு இறங்கச் சட்டையோ செருப்போ இல்லாமல் இரவு உடையோடு நிற்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பார்கள். பெட்டியை மூடும் முன், காலை உடையைக் கட்டிலின் மேல் எடுத்து வைத்துவிட்டு மூடுங்கள்.

கோட்டே போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். வீட்டில் கல்யாணத்துக்குத் தைத்த அடர்நீலக் கோட்டோ கறுப்புக் கோட்டோ இருந்தால் அதுவே போதும். வில் டையும் பட்டுப் பட்டை வைத்த காலரும் குனார்டில்கூடக் கட்டாயம் அல்ல. மறந்துபோவது சின்னச் சாமான்கள்தான்: கறுப்பு சாக்ஸ், பெல்ட், மடக்குக் கை வைத்த சட்டையென்றால் கைப்பொத்தான். இவற்றை கோட்டுப் பையிலேயே ஒரு உறையில் போட்டு வைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கோட்டு வாங்க வேண்டாம். சுத்தமான பேன்ட்-சட்டை, பாவாடை-சட்டை போதும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பக்கத்தில் கப்பல் பயண விளம்பரங்கள் நிறைய வருகின்றன. விலையையும் துறைமுகங்களையும் பெரிதாகப் போடுகிறார்கள். இந்தப் பயணத்தில் ஃபார்மல் இரவு எத்தனை, அதில் எந்த உடைக்கு அனுமதி, கப்பலில் துவைப்பறை உண்டா என்ற மூன்று விவரங்களை ஒரு விளம்பரத்திலும் காணோம். முன்பணம் வாங்குவதற்கு முன்பே இதைத் தமிழில் ஒரு தாளில் தரும்படி பயண முகவர்களிடம் வாசகர்கள் கேட்க வேண்டும். அந்த மூன்று கேள்விகளையும் உங்கள் பயண இணைப்பில் ஒரு கட்டத்துக்குள் போட்டு வெளியிட்டால், கேட்பவர்களுக்கு எளிதாக இருக்கும்.

இப்படிக்கு,
கப்பல் உணவகங்களில் பணியாற்றியவர்கள் சிலர்,
தூத்துக்குடி